நாலரை கிகாஹெர்ட்ஸும் வேலூர் வெயிலும்

வேலூரில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்கு வருகிற பழைய கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு ப்ராசஸரைக் கண்டால் எனக்குத் தனிச் சந்தோஷம். இன்டெல் கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வெளிவந்தது. நான்கு கோர், 6 எம்பி கேஷ், பெட்டியில் அச்சிட்ட வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 216 அமெரிக்க டாலர். அதே வருஷத்தில் பிறந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. இது மட்டும் இன்னும் எங்காவது ஒரு பையனின் அறையில் கேம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. காரணம், பெயரின் கடைசியில் நிற்கும் அந்த 'கே'. அது இருக்கிற ப்ராசஸரின் வேகத்தை, வாங்கியவரே கூட்டிக்கொள்ளலாம். அதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள்.

என் அக்கா மகன் காலேஜில் படிக்கிறான். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு பெட்டியை வாங்கிவந்து, "மாமா, நாலரை வரைக்கும் போகும்னு சொல்றாங்க, ஏத்திக் குடுங்க" என்றான். நாலரை என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் எண்ணை மாற்றப் பத்து நிமிஷம் போதும். அந்த வேகத்தில் அது தப்பில்லாமல் கணக்குப் போடுகிறதா என்று தெரிந்துகொள்ள நாள் கணக்கில் ஆகும். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸருக்கு அடிப்படைத் துடிப்பு ஒன்று உண்டு; இந்த ரகத்தில் அது 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 10 கோடி. ப்ராசஸர் அதை 33 மடங்காக்கி 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 33 என்ற அந்த மல்டிப்ளையரை 45 ஆக்கினால் 4.5. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் 3.3-ல் கிடைக்கும் அவகாசம் 0.30 நானோ விநாடி. 4.5-ல் 0.22 தான். அந்த நேரத்தில் ஒளியே 7 சென்டிமீட்டர்கூடப் போகாது. அதற்குள் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி முடித்து, விடை அடுத்த கட்டத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேராவிட்டால் ப்ராசஸர் நிற்காது, காத்திருக்காது. அரைகுறையாக இருக்கிற மதிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். வேகத்தைக் கூட்டும்போது வருகிற ஆபத்து முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிரான்சிஸ்டரைச் சீக்கிரம் மாறவைக்க வழி, வோல்டேஜைக் கூட்டுவது. கூட்டினால் வேறொரு கணக்கு வந்து நிற்கும். ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். நான்கு கோரும் உழைக்கும்போது இந்தச் சில்லு தானாகத் தொடும் வேகம் 3.4. அப்போது 1.20 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4.5-க்குப் போக 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் கூடியது 32 சதவீதம், மின்சாரமும் சூடும் கூடியது 67 சதவீதம். இன்டெல் இதற்குக் குறித்த அளவு 95 வாட். அந்த 67 சதவீதத்தைச் சேர்த்தால் இன்னும் 60 வாட்டுக்கு மேல். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் மாதம் ஏழு யூனிட் கூடும். பில் பெரிய விஷயமில்லை. ஒரு விரல் நகம் அகலமுள்ள சிலிக்கானிலிருந்து அந்தச் சூட்டை வெளியே எடுத்தாக வேண்டும், அதுதான் விஷயம்.

"இவ்வளவு வேகம் போகும் என்றால் கம்பெனியே 4.5 என்று விற்றிருக்கலாமே?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே தட்டில் வார்த்தெடுத்தாலும் ஒரு சில்லு போல இன்னொன்று இருக்காது. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே பறக்கும், இன்னொன்று திணறும். பெட்டியில் அச்சிடும் வேகம், அந்தப் பெயரில் விற்கும் சில்லுகளிலேயே மோசமானது, தூசி அடைத்த விசிறியோடு, சூடான அறையில், பல வருஷம் தேய்ந்த பிறகும் தப்பில்லாமல் ஓடவேண்டிய வேகம். நம் கையில் இருப்பது நல்ல சில்லாக இருந்து, நாம் அதைக் குளிர்ச்சியாகவும் வைத்துக்கொண்டால், நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 2500கே-யில் அந்த மிச்சம் தாராளமாக இருந்தது. இன்னொரு நல்ல விஷயமும் அதில் உண்டு. சில்லுக்கும் மேலே தெரியும் உலோக மூடிக்கும் நடுவே இன்டெல் அப்போது ஈயப்பற்று போல உலோகத்தாலேயே பற்றவைத்திருந்தது; சூடு தடையில்லாமல் மேலே வந்துவிடும். 2012-ல் வந்த அடுத்த தலைமுறையில் அந்த இடத்தில் வெறும் பேஸ்டை வைத்தார்கள். அதனால் 3570கே, 3770கே இரண்டும் வேகத்தைக் கூட்டியதும் சீக்கிரம் சூடேறின. பிளேடால் மூடியைப் பிளந்து நல்ல பேஸ்ட் தடவிக்கொண்ட ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

இந்த மிச்சத்தைத் தேடுவது பழைய பழக்கம். 1998-ல் வந்த செலரான் 300ஏ-யை அறிந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிக் கண் விரியப் பேசுவார்கள். 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் 300-ல் ஓடவேண்டிய மலிவு ப்ராசஸர் அது. மதர்போர்டில் துடிப்பை 100 ஆக்கினால் நாலரை மடங்கில் 450-ஐத் தொட்டது. அதன் 128 கேபி கேஷ் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியதால், பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-வின் பக்கத்தில் போய் நின்றது. ஏஎம்டி-யின் பழைய ஆத்லான், ட்யூரான் சில்லுகளில் மேலே தெரியும் சிறு புள்ளிகளைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தே பூட்டைத் திறந்தார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா! பூட்டு என்று ஒன்று வந்ததற்கும் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் சில வியாபாரிகள் குறைந்த வேகச் சில்லுகளின் மேல் அதிக வேகம் என்று திரும்ப அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள். இன்டெல் மல்டிப்ளையரைப் பூட்டியது. 2011-ல் அடிப்படைத் துடிப்பையும் அசைக்க முடியாமல் போயிற்று. ஒரே துடிப்பில்தான் மற்ற இணைப்புகளும் ஓடுகின்றன, 100-ஐ 105 ஆக்கினாலே ஏதாவது ஒன்று தடுமாறும். தாராளமாக ஏற்ற மிச்சமிருந்த வழி 'கே' போட்ட சில்லு.

அதனால் யார் என்னிடம் வந்தாலும் முதலில் இரண்டு பெயர்களைப் பார்ப்பேன். சிபியு-ஜெட் என்ற இலவச மென்பொருள் ப்ராசஸரின் பெயரையும் மதர்போர்டின் சிப்செட்டையும் காட்டிவிடும். ப்ராசஸரில் 'கே' இருக்க வேண்டும். சிப்செட் பி67, இசட்68, இசட்77 மாதிரி இருக்க வேண்டும். நம் ஊரில் கைமாறும் பழைய ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஹெச்61 போர்டுதான். அதில் 'கே' சில்லைப் போட்டாலும் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. இல்லாத ஒன்றுக்காகக் கூலரும் போர்டும் வாங்கிப் பணத்தை விட வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் உபயோகம்.

இனி, என்னை இவ்வளவு கறாராக ஆக்கிய ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்தார். கேம் விளையாடிய யாரோ ஒருவரிடம் வாங்கியது. விண்டோஸ் திறக்கிறது, எல்லாம் வேகமாக ஓடுகிறது. ஆனால் பெரிய ஜிப் ஃபைல்களைப் பிரித்தால் சில சமயம் 'சிஆர்சி எரர்' என்று வருகிறது. அதே ஃபைலைத் திரும்பப் பிரித்தால் சரியாகி விடுகிறது. ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது என்று வேறு எங்கோ புது டிஸ்க் மாற்றியிருக்கிறார்கள், பலனில்லை. பயாஸைத் திறந்து பார்த்தேன். மல்டிப்ளையர் 48. முன்னாள் சொந்தக்காரர் 4.8-ல் வைத்து, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றிருக்கிறார். கேம் ஓடியதால் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். கேமில் ஒரு கணக்கு தப்பினால் ஒரு இலையின் நிழல் ஒரு கணம் கோணலாகும், யாருக்கும் கண்ணில் படாது. ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டரில் அதே தப்பு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படத்தில் போய் உட்காரும். ஜிப் ஃபைலில் சரிபார்க்கும் எண் ஒன்று கூடவே இருப்பதால் தப்பு வெளியே தெரிந்தது. அப்படிச் சரிபார்க்கும் எண் இல்லாத எத்தனை ஃபைல்களில் அந்தத் தப்பு அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும்! வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் எரர் நின்றது. திரை நீலமாகி நிற்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து எனக்குப் பயமில்லை, அது பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே தப்பாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்தான் பயம்.

அதனால்தான் சோதனைக்கு நான் பிரைம்95-ஐ நம்புகிறேன். அது ஓவர்கிளாக்கர்களுக்காகப் பிறந்த மென்பொருளே இல்லை. மெர்சென் பகா எண்கள் எனப்படும் மிகப் பெரிய எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மேன் என்பவர் 1996-ல் ஆரம்பித்த கூட்டு முயற்சிக்காக எழுதியது. உலகம் முழுக்கப் பலர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அதற்குக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும் பல வாரங்களின் உழைப்பு வீண். அதனால், கம்ப்யூட்டர் நம்பத் தகுந்ததா என்று முதலில் பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் வசதியை அதிலேயே வைத்தார்கள். அதற்கு 'டார்ச்சர் டெஸ்ட்' என்று பெயர். நான்கு கோரையும் கசக்கிப் பிழிந்து, ஒரு கோர் தப்பான விடை சொன்ன கணமே அதை நிறுத்திக் காட்டிவிடும். மற்ற பல சோதனைகள் கம்ப்யூட்டர் விழுகிறதா என்று பார்க்கும். இது விடை சரியா என்று பார்க்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

வேலையின் வரிசை இப்படி. தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்து, கூடவே வந்த சின்ன விசிறியைக் கழற்றிவிட்டு, வெப்பக் குழாய்களும் பெரிய விசிறியும் உள்ள கூலரைப் போடுவேன். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 மாதிரி ஒன்று இதற்குப் போதும். பிறகு மல்டிப்ளையரை ஒரேயடியாக 45-க்குக் கொண்டுபோக மாட்டேன். 40, 41, 42 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் சோதித்து, தப்பு வந்தால் மட்டும் வோல்டேஜைத் துளித்துளியாகக் கூட்டுவேன். இந்த ரகத்தில் நீலத் திரையில் 101 என்று முடியும் எண் வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். 1.35 வோல்டைத் தாண்டுவதில்லை என்பது என் சொந்தக் கட்டுப்பாடு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ப்ராசஸர் திடீரென்று உழைக்க ஆரம்பித்தால் போர்டிலிருந்து வரும் வோல்டேஜ் சற்று இறங்கும். அதை ஈடுகட்ட 'லோட் லைன் காலிபரேஷன்' என்று பயாஸில் ஒரு வசதி உண்டு. அதை உச்சத்தில் வைத்தால் சுமை இறங்கும் கணத்தில் வோல்டேஜ் எகிறும். நடுவில் வைப்பதே நல்லது. பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெயர் தெரியாத லோக்கல் சரக்காக இருந்தால் இந்த வேலையையே தொட மாட்டேன். மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வேலூர்க்காரன் என்பதால் அறையின் சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிர் நாடுகளில் எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு அதே எண்ணை இங்கே வைக்கிறார்கள். கூலர் செய்வதெல்லாம் சில்லின் சூட்டை அறையின் காற்றுக்குக் கொடுப்பதுதான். அறை ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழிக் காலையில் 25 டிகிரியில் சோதித்து 72 காட்டிய பெட்டி, கத்திரி வெயிலில் அறை 40 ஆகும்போது 87-க்குப் போய் நிற்கும். இந்தச் சில்லு 98 டிகிரியில் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். அங்கே போய் முட்டினால், கஷ்டப்பட்டு ஏற்றிய வேகம் தானாகவே இறங்கிவிடும். அதோடு, சூடும் வோல்டேஜும் சேர்ந்தால் சில்லுக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்களை மின்னோட்டம் இடம் பெயர்த்துக்கொண்டே போகும். நேற்று வரைக்கும் சரியாக ஓடிய அதே எண்ணில் நாளைக்குத் தப்பு வரும். என் வழக்கம், கடைசிச் சோதனையைச் சித்திரை வைகாசியில், மத்தியானத்தில், ஏசி போடாமல் செய்வது. அப்போது 80-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரு படி இறக்குவேன். அக்கா மகனின் பெட்டி 4.5-ல் விடை சரியாகத்தான் சொன்னது. ஆனால் வெயிலில் அந்தக் கோட்டைத் தாண்டியது, 4.3-ல் நிறுத்திவிட்டேன். "ரெண்டு பாயின்ட்தானே மாமா" என்று முகம் வாடினான். அந்த இரண்டு பாயின்ட் கேமில் ஐந்து சதவீதம்கூட வராது.

கேமில் இதனால் எவ்வளவு கிடைக்கும்? அதை வேகத்தைக் கூட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்க வேண்டும். பரோட்டா கடையில் மாவை உருட்டித் தருபவர் ப்ராசஸர், கல்லில் போட்டு எடுப்பவர் கிராபிக்ஸ் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில்தான் கூட்டம் என்றால் மாவு உருட்டுபவரை விரட்டி என்ன பயன்? விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடிதான். எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற கணக்கு ப்ராசஸருடையது. வரைவது கார்டு. யார் தாமதிக்கிறார் என்று பார்க்க எளிய வழி: கேமின் ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும். ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால் இத்தனை நாள் தாமதம் கார்டில். ஓவர்கிளாக்கிங் உங்களுக்கு எதுவும் தராது. எண்ணிக்கை அசையாமல் நின்றால் தாமதம் ப்ராசஸரில், வேகத்தைக் கூட்டினால் பலன் நேரே கண்ணில் தெரியும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் மாதிரி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-க்கு, ராக்ஸ்டார் பரிந்துரைத்ததே இந்தச் சில்லின் அடுத்த தலைமுறை உறவுக்காரனான ஐ5-3470-ஐத்தான். அக்கா மகனின் பெட்டியில் அந்த ஆட்டத்தின் நெரிசலான தெருக்களில் கார் ஓட்டும்போது வருகிற திக்கல் 4.3-ல் வெகுவாகக் குறைந்தது. ஃபிரேம்களின் சராசரி எண் கொஞ்சம்தான் ஏறியது. அடிமட்டம் நன்றாகவே ஏறியது. விளையாடுகிறவனின் கைக்குத் தெரிவது அந்த அடிமட்டம்தான். அதே போர்டில் டிடிஆர்3 ராமை 1333-லிருந்து 1866-க்கு மாற்றியதும் இதற்கு உதவியது.

ஆனால் இந்தச் சில்லுக்கு நான்கு கோர், நான்கே இழை, அதாவது ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைத்தான் ஓட்டும். எட்டு, பன்னிரண்டு இழைகளை எதிர்பார்த்து எழுதிய புதிய ஆட்டங்களில் நான்கும் நூறு சதவீதத்தில் நின்றுவிடும். அங்கே வேகத்தைக் கூட்டி ஒன்றும் ஆகாது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியைக் கேட்கும் ஆட்டங்கள் இதில் திறக்கவே திறக்காது. அது 2013-ல் வந்த தலைமுறையில்தான் சேர்ந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்தச் சில்லு இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கை இதில் திறக்காதே என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

புதுச் சில்லு வாங்கி அதில் இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். இப்போது தொழிற்சாலையே அந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்துத்தான் விற்கிறது. 14900கே பெட்டியிலேயே 6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் பல தடுமாறி, 2024-ல் அந்த நிறுவனம் அதைச் சரிசெய்யும் மைக்ரோகோடை வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. 2500கே-யோடு வந்த சிப்செட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2011 ஜனவரி 31-ல், கடைக்கு வந்த அதே மாதத்தில், ஹார்ட் டிஸ்கை இணைக்கும் சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் பழுதாகலாம் என்று இன்டெல்லே அறிவித்தது. ஒரு டிரான்சிஸ்டருக்கு அளவுக்கு மேல் வோல்டேஜ் கொடுத்து வடிவமைத்ததுதான் காரணம். அதைச் சரிக்கட்ட 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். இத்தனை பொறியாளர்களை வைத்திருப்பவர்களுக்கே வோல்டேஜ் இப்படித்தான், மெதுவாக, பல மாதம் கழித்துக் கணக்குக் கேட்கிறது.

எல்லாம் முடிந்தபின் மல்டிப்ளையர், வோல்டேஜ், சோதித்த மாதம், அன்றைக்கு அறையின் சூடு, எவ்வளவு நேரம் தப்பில்லாமல் ஓடியது என்பதை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் பக்கத் தகட்டில் உள்பக்கமாக ஒட்டிவிடுவேன். பெட்டியை விற்கிறபோது வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்; விற்பதற்கு முன்பே பழைய வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது. சொந்தக்காரருக்கும் ஒரு நாள் அந்தத் தாள் வேண்டியிருக்கும். இந்த வயதுள்ள போர்டுகளில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோவது சகஜம், தீர்ந்தால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து 33-க்கே திரும்பிவிடும்.